ஐந்து இரவு, ஆறு பகல்

2018 டிசம்பர் கடைசி வாரம். நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது, கல்யாணத்துக்கு ஐந்து வாரம் பாக்கி. என் வாட்ஸ்அப்புக்கு ஒரு பிடிஎஃப் வந்தது. பதினோரு பக்கம். அட்டையில் கடலுக்கடியில் நீந்தும் ஒரு யானை, அதன் மேல் இதய வடிவத்துக்குள் என் பெயரும் வருங்கால மனைவியின் பெயரும். அந்தமான் ஹனிமூன் பேக்கேஜ், ஐந்து இரவு ஆறு பகல். விமான டிக்கெட் தனி.

அந்த வருஷம் எந்த நாவலையும் நான் இரண்டாம் முறை வாசிக்கவில்லை. இந்தப் பிடிஎஃப்பைக் குறைந்தது முப்பது முறை வாசித்திருப்பேன். ஆபீஸ் பஸ்ஸில், பத்திரிகை வைக்கப் போன வீடுகளில், ஆதம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில். மீனம்பாக்கம் பக்கம் என்பதால் எங்கள் மாடிக்கு மேலே விமானம் தாழப் போகும். அதில் ஏதோ ஒன்று போர்ட் பிளேர் போவது என்று நினைத்துக்கொண்டே மூன்றாம் நாள் பக்கத்தை மறுபடி திறப்பேன். இத்தனை பேர் இத்தனை கவனமாக வாசிக்கும் ஒரு எழுத்து வகையைப் பற்றி நம்மிடம் ஒரு விமர்சனக் கட்டுரைகூட இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. தேனிலவுப் பயணத் திட்டத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கும் முயற்சி இது. ஒரே ஒரு பிடிஎஃப்தான் என் கையில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு நண்பர்கள் அனுப்பிய ஏழெட்டைப் பார்த்துவிட்டேன். லோகோவை மறைத்துவிட்டால் எது எந்த ஏஜென்ட்டுடையது என்று சொல்ல முடியாது.

யார் போகிறார்கள்?

முதலில் மொழி. 'டே ஒன்' தொடங்கி 'டே சிக்ஸ்' வரை எல்லா நாளும் ஒரே அச்சு. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு 'ப்ரொசீட்', அப்புறம் 'விசிட்', அதன் பின் 'என்ஜாய்', இரவில் 'ஓவர்நைட் ஸ்டே'. எல்லாம் ஏவல் வினை. எழுவாய் கிடையாது. நம் ஊர்க் கோயில் பஞ்சாங்கமாவது 'சுவாமி புறப்பாடு' என்று யார் புறப்படுகிறார் எனச் சொல்லும். இங்கே இரண்டு பேரின் வாழ்க்கையில் முக்கியமான ஒரு வாரம் எழுவாயே இல்லாமல் நடந்து முடிகிறது.

அடுத்தது 'இன்க்ளூஷன்ஸ்'. ஒரு மெழுகுவர்த்தி டின்னர். ஒருமுறை மட்டும் கட்டிலில் பூ அலங்காரம். அரை கிலோ கேக். எலிஃபன்ட் பீச்சில் ஸ்நார்க்ளிங் ஒரு சுற்று. அந்தரங்கம் என்று நாம் நினைப்பது இங்கே எண்ணிக்கையும் எடையும் போட்டு வருகிறது. இதைக் கேலி செய்வது சுலபம், நான் செய்யப்போவதில்லை. எங்களைப் போல நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையில் நாலு முறை சந்தித்து, அதில் மூன்று முறை கூடவே யாரோ இருந்த ஜோடிக்கு, அடுத்து என்ன செய்வது என்று யாராவது எழுதிக் கொடுத்தால் ஆறுதலாகத்தான் இருக்கிறது. அந்த எழுத்துக்கு இவ்வளவு வாசகர்கள் கிடைப்பதும் இதனால்தான். இரண்டு கூச்ச சுபாவிகளுக்கு அது ஒரு மேடைக் குறிப்பு.

அட்டைப்பட யானையைப் பற்றிப் பிறகு தெரிந்துகொண்டேன். ராஜன் என்ற அந்த யானை 2016-லேயே இறந்துவிட்டது. மரம் இழுப்பதற்காகத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. மரம் வெட்டும் தொழில் முடிந்த பின் ஹேவ்லாக்கில் நீந்தியது, படங்களில் வந்தது. எலிஃபன்ட் பீச் என்ற பெயரே மரம் இழுத்த யானைகளால் வந்ததுதான். இறந்து இரண்டு வருஷம் கழித்தும் அது எங்கள் அட்டையில் நீந்திக்கொண்டிருந்தது.

ஏஜென்ட்டின் திறமை

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவனாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அட்டவணையாக மட்டும் பார்த்தால் அந்தப் பிடிஎஃப் நல்ல வேலை. அதில் நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடியது மிகக் குறைவு. போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் ஆகிய மூன்றுக்கும் நடுவில் ஓடும் படகுகளின் நேரத்தை யாரும் மாற்ற முடியாது. நீல் தீவில் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்தை, கடல் நீர் இறங்கியிருக்கும்போதுதான் கிட்டே போய்ப் பார்க்க முடியும். ஓதம் ஏஜென்ட் சொல்லிக் கேட்காது. ராதாநகர் கடற்கரை மேற்குப் பார்த்தது, சாயங்காலம்தான் போக வேண்டும். அந்தமான் நம்மைவிட எவ்வளவோ கிழக்கே இருந்தும் கடிகாரம் மட்டும் நம்முடையது. எனவே பிப்ரவரியில் அங்கே ஐந்தரை மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். ஸ்கூபா செய்தவர்கள் குறைந்தது பதினெட்டு மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. இத்தனை கட்டுப்பாடுகளையும் எழுதி வைத்துத் தீர்வு தேடினால் கிட்டத்தட்ட ஒரே ஒரு விடைதான் வரும். எல்லாப் பிடிஎஃப்களும் ஒரே மாதிரி இருப்பதற்கு ஏஜென்ட்களின் சோம்பல் காரணமில்லை. கடலும் சூரியனும்தான் காரணம்.

நம் கல்யாண மாதங்களும் இதோடு பொருந்திப் போகின்றன. மார்கழியில் முகூர்த்தம் இல்லை, தையில் வரிசையாக உண்டு. கடல் அமைதியாக இருப்பதும் அந்த மாதங்களில்தான். புதுசாகக் கல்யாணமானவர்களைப் பிரித்து வைக்கும் ஆடியில் அங்கே தென்மேற்குப் பருவமழை, படகுகளே அடிக்கடி ரத்தாகும்.

2019-இல் ஏஜென்ட்டின் பலத்துக்கு இன்னொரு காரணம் இருந்தது. ஹேவ்லாக்கில் டேட்டா கிடையாது என்றே சொல்லலாம். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் கண்ணாடியிழைக் கேபிள் போட்டு முடித்து, 2020 ஆகஸ்டில்தான் தொடங்கி வைத்தார்கள். ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம். அதற்கு முன் தீவில் இறங்கியவன் கையில் இருந்தது அந்தப் பிடிஎஃப்பும், படகுத்துறையில் பெயர் எழுதிய அட்டையோடு நிற்கும் ஒரு ஆளும் மட்டுமே. இன்று ஒவ்வொன்றையும் நாமே போனில் தேடி, நட்சத்திரம் எண்ணி, தனித்தனியாக புக் பண்ணலாம். அப்படிப் பண்ணியவர்களின் திட்டங்களையும் பார்த்தேன். அதே இடங்கள், அதே வரிசை. கேபிள் வந்ததால் ஓதம் மாறவில்லை.

என் வாசிப்பு தடுமாறிய இடம் ஐந்தாம் நாள். பாராடாங் தீவு, சுண்ணாம்புப் பாறைக் குகை. முதல் நாலு நாளும் கடலை நம்பியவை. நாலாம் நாள் மாலைப் படகு ரத்தானால் எல்லாம் ஒரு நாள் தள்ளும், ஆனால் ஆறாம் நாள் விமானத்தைத் தள்ள முடியாது. அதனால் நடுவில் எடுத்துப் போட்டால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லாத, சாலை வழியாகவே பெரும்பாலும் போய் வரக்கூடிய ஒரு நாளை வைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இதை பஃபர் என்போம். அந்தச் சாலை ஜாரவா மக்களின் காடு வழியாகப் போகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீலும் ஹேவ்லாக்கும்

பிடிஎஃப் வந்த அதே வாரம், 2018 டிசம்பர் 30 அன்று, மூன்று தீவுகளின் பெயர் மாறியது. ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவானது. ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. பிடிஎஃப் திருத்தப்படவில்லை. நாங்களும் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தோம். போர்ட் பிளேரே 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான்.

ஹேவ்லாக், நீல் இருவரும் 1857 எழுச்சியை அடக்கிய ஆங்கிலேயத் தளபதிகள். நீல் மதராஸ் படையைச் சேர்ந்தவர். அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் நடத்திய பழிவாங்கல் ஆங்கிலேயர்களிலேயே பலரைக் கூசவைத்தது. லக்னோவில் செத்தார். அவருக்கு மவுண்ட் ரோட்டில், ஸ்பென்சருக்கு எதிரே சிலை வைத்தார்கள். அதை எடுக்கச் சொல்லி 1927-இல் சத்தியாக்கிரகம் நடந்தது, தொண்டர்கள் வரிசையாகச் சிறைக்குப் போனார்கள். 1937-இல் ராஜாஜியின் காங்கிரஸ் அரசு வந்த பிறகுதான் சிலை அகற்றப்பட்டு எழும்பூர் மியூசியத்துக்குப் போனது.

ஆக, ஒரு மனிதரின் சிலையைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்தப் பத்து வருஷம் போராடிய ஊரிலிருந்து கிளம்பி, அவர் பெயருள்ள தீவுக்கு நாங்கள் தேனிலவு போனோம். எனக்கு அப்போது இது தெரியாது. தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டேனா? போயிருப்பேன். ஆனால் 'நீல்' என்பதை நீலம் என்று நினைத்து, 'கடல் கலர்ல பேர் வெச்சிருக்காங்க பாரு' என்று மனைவியிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

மலையிலிருந்து கடலுக்கு

என் பெற்றோர் கல்யாணமாகி ஊட்டிக்குப் போனார்கள். மாமனார் மாமியார் கொடைக்கானல். எங்கள் தெருவில் அந்தத் தலைமுறையில் யாரைக் கேட்டாலும் ஏதோ ஒரு மலை. 1961-இல் ஸ்ரீதர் எடுத்த 'தேன் நிலவு' காஷ்மீருக்குப் போனது. இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட தங்கவேலு, வயசுக்கு வந்த மகளையும் கூட்டிக்கொண்டு தேனிலவுக்குப் போகும் கதை. தேனிலவு என்ற இரவல் சொல்லையும் வழக்கத்தையும் தமிழ்ச் சமூகம் முதலில் சிரிப்போடுதான் வாங்கிக்கொண்டது என்பதற்கு அந்தப் படம் நல்ல சாட்சி. அங்கேயும் பின்னணி மலை.

உரைகாரர்கள் வகுத்த திணை மரபு இதற்குப் பழக்கமானது. குறிஞ்சிக்குப் புணர்தல், நெய்தலுக்கு இரங்கல். மலையில் கூடுவார்கள், கடற்கரையில் ஒருத்தி காத்திருந்து கலங்குவாள். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. சூரியன் சாயும் நேரம் என்று நச்சினார்க்கினியர் பொருள் கொள்கிறார். பிடிஎஃப்பில் எல்லாக் கடற்கரையும் அந்தப் பொழுதில்தான் வருகிறது. ராதாநகரில் சூரிய அஸ்தமனம், லக்ஷ்மண்பூரில் சூரிய அஸ்தமனம். சங்கக் கவிஞர் பிரிவுக்கு ஒதுக்கிய இடத்திலும் நேரத்திலும் டூர் ஏஜென்ட் ஜோடியை நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொல்கிறார். திணை மயங்குவதற்கு மரபிலேயே இடம் உண்டு, நெய்தலில் கூடல் பாடப்பட்டதும் உண்டு. இதை விதி மீறல் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் கடலைப் பார்த்தால் நம்மில் எங்கோ கொஞ்சம் கலக்கம் வருகிறது. ராதாநகர் மணலில் வரிசையாக நின்றிருந்த இருபது முப்பது ஜோடிகளும் சூரியன் முழுகியதும் சட்டென்று பேச்சற்றுப் போனதைப் பார்த்தேன். பிடிஎஃப்பில் அதற்கு நேராக 'என்ஜாய்' என்று இருந்தது.

அந்தமானை நாம் எப்படிப் பார்த்தோம் என்பதை இரண்டு படப் பெயர்களே சொல்லிவிடும். 1952-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'அந்தமான் கைதி'. 1978-இல் சிவாஜியும் சுஜாதாவும் நடித்த 'அந்தமான் காதலி'. இருபத்தாறு வருஷத்தில் கைதி காதலியாகிவிட்டாள். 1996-இல் 'சிறைச்சாலை' மறுபடி கைதியைக் கொண்டுவந்தது. பேக்கேஜ் இரண்டையும் ஒரே நாளில் வைத்துவிடுகிறது. முதல் நாள் மதியம் செல்லுலார் ஜெயில், மாலை அங்கேயே ஒலி ஒளிக் காட்சி. 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த கட்டடம். ஏழு சிறகுகளில் மூன்றுதான் மிச்சம். தனித்தனிக் கொட்டடிகள், ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாதபடி. எங்களுக்கு முன்னால் மருதாணி காயாத ஒரு பெண் கொட்டடிக்குள் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, கணவன் வெளியிலிருந்து படம் எடுத்தான். எனக்கு எரிச்சல் வந்தது. அடுத்து எங்கள் முறை வந்தபோது நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

ஜெயிலில் யாரும் எங்களுக்குச் சொல்லாத ஒரு கதை உண்டு. 1858-இல் தொடங்கிய அந்தக் கைதிக் குடியேற்றத்தில் கல்யாணங்களும் நடந்தன. தண்டனையில் சில வருஷம் கழித்து நன்னடத்தை பெற்ற ஆண் கைதிகள், பெண்கள் சிறைக்குப் போய், வரிசையாக நிறுத்தப்பட்ட பெண்களிலிருந்து துணை தேடிக்கொள்ள அதிகாரிகள் அனுமதித்தார்கள். ஜாதி, மொழி, மதம் எல்லாம் கலந்த அந்தக் குடும்பங்களின் வழி வந்தவர்கள் இன்றும் தங்களை 'லோக்கல் பார்ன்' என்கிறார்கள். கல்யாண ஜோடிகளை நம்பி வாழும் ஒரு தீவில், தீவின் முதல் கல்யாணங்கள் எப்படி நடந்தன என்பதற்குப் பதினோரு பக்கத்தில் ஒரு வரி இல்லை. பெண் பார்க்கும் சடங்கிலிருந்து நேராக வந்து இறங்கிய எங்களுக்கு அது புரிந்திருக்கும்.

பாரத்பூரில் மூன்று மணி நேரம்

நாலாம் நாள் நீலிலிருந்து கிளம்ப வேண்டிய படகு மூன்று மணி நேரம் தாமதம். அறையைக் காலி செய்தாகிவிட்டது. ஏஜென்ட்டின் ஆளைப் போனில் பிடிக்க முடியவில்லை. படகுத்துறைக்குப் பக்கத்திலேயே பாரத்பூர் கடற்கரை. பெட்டிகளை மரத்தடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். நான் எக்ஸெல் ஷீட்டைத் திறந்து, இரவு எட்டு மணிக்குள் போர்ட் பிளேர் சேர முடியுமா, காலை மூன்று மணிக்குப் பாராடாங் கிளம்ப முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் இளநீரைக் குடித்து முடித்துவிட்டு, "நான் ஏன் இந்தக் கல்யாணத்துக்கு ஓகே சொன்னேன்னு நீங்க கேக்கவே இல்லையே" என்றாள்.

கேட்டேன். அவள் சொன்னது எங்களுக்குள் இருக்கட்டும். நான் நினைத்த காரணம் இல்லை, கேட்க எனக்கு அவ்வளவு இனிப்பாகவும் இல்லை. நானும் பதிலுக்கு ஒன்றைச் சொன்னேன். மரத்தடியில் அந்த மூன்று மணி நேரத்தில்தான் எங்கள் கல்யாணம் ஆரம்பித்தது என்று இன்றும் நினைக்கிறேன். அதுவரை 'டே திரீ' வரைக்கும் நாங்கள் ஒழுங்காகப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தோம்.

பேக்கேஜின் மொழியில் இந்த மூன்று மணி நேரத்துக்கு 'டிலே' என்று பெயர். கடைசிப் பக்கத்தில், நிறுவனம் பொறுப்பேற்காதவற்றின் பட்டியலில் அது இருந்தது. இந்த வகை எழுத்தின் முக்கியமான குறையாக நான் சொல்வது இதைத்தான். எல்லா மணி நேரத்தையும் நிரப்பிவிடும், இரண்டு பேர் ஒருவரோடொருவர் சும்மா இருப்பதற்கு அதில் ஒரு வினைச்சொல் இல்லை.

ஐந்தாம் நாள்

படகு வந்துவிட்டது. மறுநாள் காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம்.

வீட்டில் அம்மா ஏற்கெனவே பயந்திருந்தார். முந்தைய நவம்பரில்தான் வடக்கு சென்டினல் தீவில் ஒரு அமெரிக்கர் கொல்லப்பட்ட செய்தி. "அங்க அம்பு விடுவாங்களாமேடா." "அது வேற தீவும்மா, இது வேற ஆளுங்க" என்று நான் விக்கிப்பீடியா தைரியத்தில் சொன்னேன்.

ஜாரவாக்கள் 2011 கணக்கெடுப்பின்படி 380 பேர். அவர்கள் காட்டின் குறுக்கே அந்தமான் நெடுஞ்சாலையைப் போட்டபோது அம்பு எய்து எதிர்த்தவர்கள். 1990-களின் கடைசியில்தான் அமைதியாக வெளியே வரத் தொடங்கினார்கள். பழங்குடிகளைக் காக்கும் சட்டம் 1956-லிருந்து இருக்கிறது. காட்டுக்குள் போகும் பகுதியை மூடச் சொல்லி 2002-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, சாலை மூடப்படவில்லை. 2012 ஜனவரியில், ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் ஒரு வீடியோவை ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை வெளியிட்டது. உலகம் முழுக்கக் கண்டனம். 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுச் சுற்றுலாவை நிறுத்தியது. மார்ச்சில் மறுபடி திறந்துவிட்டது.

சாலைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நடு அந்தமான், வட அந்தமானில் இருக்கும் ரங்கத், மாயாபந்தர், திக்லிபூர் மக்களுக்குத் தலைநகருக்கு வர அதுதான் வழி. எங்கள் டிரைவர் தமிழர், அவர் அப்பா காலத்தில் வந்த குடும்பம். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு நாங்க எந்த ரோட்ல போவோம் சார்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

ஜிர்காடாங் சோதனைச் சாவடி. விடிவதற்கு முன்பே வண்டிகள் நீண்ட வரிசை. டீ, பிரெட் ஆம்லெட். அடையாள அட்டை நகல், கையெழுத்து. போட்டோ எடுக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது. ஆறு மணிக்கு முன்னும் பின்னும் போலீஸ் வண்டியோடு கான்வாய் கிளம்பியது. நாற்பது கிலோமீட்டர் வேகம். டிரைவர் கண்ணாடிகளை ஏற்றச் சொன்னார். பின் சீட்டிலிருந்த குடும்பத்தில் ஒரு பையன் "எங்கப்பா, எங்கப்பா" என்று கேட்டுக்கொண்டே வந்தான். குகையைக் கேட்கவில்லை என்பது வண்டியில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஒரு திருப்பத்தில் சாலையோரம் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். வண்டி வேகம் குறையவில்லை. மூன்று விநாடி இருக்கும். அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. நான் எப்படி இருந்தேன் என்று சொல்லலாம். கழுத்தைத் திருப்பி, கண்ணாடியில் நெற்றி இடிக்கப் பார்த்தேன்.

"பாத்தியா?" என்றேன்.

மனைவி கீழே, மடியில் கவிழ்த்து வைத்திருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்துட்டு என்ன பண்றது?" என்றாள்.

மிடில் ஸ்ட்ரெய்டில் படகு, அப்புறம் அலையாத்திக் காட்டுக்குள் சின்னப் படகு, வெயிலில் நடை, குகை. குகை நன்றாகவே இருந்தது. படகுக்காரர்களின் பிழைப்பும் அதில்தான். திரும்பும் கான்வாயில் நான் மறுபடி ஜன்னல் பக்கமே உட்கார்ந்தேன். அவள் மறுப்புச் சொல்லவில்லை. அன்று இரவு மெழுகுவர்த்தி டின்னர். கேக்கை வெட்டி, ஆளுக்கு ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு மிச்சத்தை டிரைவரிடம் கொடுத்தோம்.

சாதுவனிடம் கேட்ட கேள்வி

ஊருக்கு வந்து சில மாதம் கழித்து, வேறு எதற்கோ மணிமேகலையை எடுத்தபோது ஆதிரையின் கதையில் நின்றுவிட்டேன். ஆதிரையின் கணவன் சாதுவன் கணிகையிடமும் சூதிலும் பணத்தைத் தொலைத்துவிட்டுக் கடல் வணிகர்களோடு கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது. ஒரு மரத்துண்டைப் பற்றி, நக்க சாரணர் எனும் நாகர் வாழும் மலையருகே ஒதுங்குகிறான். நிக்கோபாரோடு இதைச் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. எந்தத் தீவு என்பது இங்கே எனக்கு முக்கியமில்லை.

நரமாமிசம் தின்பவர்கள் என்றுதான் காப்பியம் அவர்களை அறிமுகப்படுத்துகிறது. என் அம்மாவின் பயத்துக்கு ஒன்றரை ஆயிரம் வருஷப் பழக்கம் இருக்கிறது. ஆனால் அடுத்து நடப்பதுதான் என்னை நிறுத்தியது. சாதுவனுக்கு அவர்கள் பாஷை தெரிகிறது. அவன் பேசியதும் அவர்கள் கையை எடுத்துவிட்டுத் தலைவனிடம் கூட்டிப்போகிறார்கள். தலைவன் தன் துணையோடு உட்கார்ந்திருக்கிறான். களைத்து வந்தவனுக்கு ஒரு இளம்பெண்ணையும் கள்ளையும் இறைச்சியையும் கொடுக்கச் சொல்கிறான். சாதுவன் திடுக்கிட்டு மறுக்கிறான். தலைவனுக்குப் புரியவில்லை. இவை இல்லாவிட்டால் உலகத்தில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்கிறான். மறுபிறவி பற்றிச் சாதுவன் சொன்னதும் சிரிக்கிறான், எதிர்க் கேள்வி கேட்கிறான். பிறகு தங்களால் முடிகிற அறத்தைச் சொல்லச் சொல்கிறான். சாதுவனும் பெரிதாகக் கேட்கவில்லை. கப்பல் உடைந்து வருபவர்களைக் கொல்லாதீர்கள், மூத்துத் தானே சாகும் விலங்கைத் தவிர வேறு விலங்கைக் கொல்லாதீர்கள்.

காப்பியத்துக்குப் பௌத்தப் பிரசார நோக்கம் உண்டு, வாதத்தில் ஜெயிப்பது வந்தவன்தான். இருந்தாலும் தீவுக்காரனுக்கு அங்கே சிரிக்க இடம் இருக்கிறது, கேட்க இடம் இருக்கிறது. வந்தவனை நிறுத்தி, நீ யார், உனக்கு எது சுகம் என்று அவன் விசாரிக்கிறான். கண்ணாடி ஏற்றிய வண்டியில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போன எங்களிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. நின்று பேசியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஜலதோஷமே அவர்களுக்கு ஆபத்து, நிற்காமல் போ என்ற விதி சரியான விதி. போகாமலே இருந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். 380 பேரின் காடு எங்கள் அட்டவணையில் பஃபராக இருக்கத் தேவையில்லை.

ஊரில் ஆதிரை பட்டதையும் மறந்துவிடக் கூடாது. கணவன் இறந்தான் என்ற பொய்ச் செய்தி கேட்டு அவள் தீயில் இறங்கினாள், தீ அவளைச் சுடவில்லை. தீவுக்குப் போனவனின் கதையை முழுசாகச் சொல்லக் கரையில் இருந்தவளின் கதையும் வேண்டும் என்று சாத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் பயணத்தை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கான்வாய் பகுதி வரும்போது மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். ஐந்து வருஷம் கழித்துத்தான் அதைக் கவனித்தேன்.

திருத்திய பிரதி

போன தையில் டீமில் இருக்கும் ஒரு பையனுக்குக் கல்யாணம். "அண்ணா, நீங்க அந்தமான் போனீங்கள்ல, அந்த ஐட்டினரி இருந்தா அனுப்புங்களேன்" என்றான். தேடி எடுத்தேன். அட்டை யானை, பழைய பெயர்கள், எல்லாம் அப்படியே இருந்தது. தீவுகளின் பெயரை மாற்றினேன். 'நீல்' பக்கத்தில் மவுண்ட் ரோடு சிலையைப் பற்றி இரண்டு வரி சேர்த்தேன். ஐந்தாம் நாளை அழித்துவிட்டு, அதே நாளை நாலாம் நாளுக்கு முன்னால் கொண்டுபோய், நீலில் இன்னொரு இரவு சேர்த்தேன். படகு ரத்தானாலும் விமானத்துக்கு முன் ஒரு இரவு போர்ட் பிளேரில் இருக்கிறது, கணக்கு சரியாகவே வருகிறது. இதைச் செய்ய எனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அரை மணியில் பதில் வந்தது. "அண்ணா, நீல்ல ரெண்டாவது நாள் காலியா இருக்கு. அங்க என்ன ஆக்டிவிட்டி புக் பண்ணலாம்?"

மனைவியிடம் காட்டினேன். வாசித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "பாரத்பூர்ல படகுத்துறைக்குப் பக்கத்துல மரம் இருக்கும், பெட்டியை அங்க வெச்சுக்கச் சொல்லு" என்றாள்.

அதையே டைப் பண்ணி அனுப்பினேன். அவன் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டான்.